அக்காவுக்கு அனுப்பிய கொரிய மருந்து

"ஏண்டி, அந்த ஊர்ல இதுக்கெல்லாம் மருந்து இருக்குமாமே?"

2015 ஜனவரியில் அக்காவிடமிருந்து வந்த வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இப்படித்தான் ஆரம்பித்தது. நான் தென்கொரியாவின் தேஜான் நகரில், பல்கலைக்கழக லேப் ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கும்பகோணத்தில் அக்காவுக்கோ உடம்பு எரிந்தது.

"திடீர்னு தீயா எரியுது. அடுத்த நிமிஷம் வேர்த்துக் கொட்டுது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஃபேனுக்கு நேரா உக்காந்திருக்கேன். உங்க மாமா என்னைப் பேயைப் பாக்குற மாதிரி பாக்குறார். டாக்டர் மெனோபாஸ்தான், பயப்படாதீங்கன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கென்ன, சொல்லிட்டாங்க!"

அக்காவுக்கு அப்போது 49 வயது. என்னைவிட 16 வயது மூத்தவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்குத் தலை பின்னிவிட்டு, டிபன் கட்டிக்கொடுத்து வளர்த்தவள் அவள்தான். அவள் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. முதல்முறையாகக் கேட்கிறாள். விடுவேனா?

கொரியாவில் அப்போது டிவியைத் திறந்தாலே பேக்சுவோதான். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களுக்கான வரப்பிரசாதம் என்று ஹோம் ஷாப்பிங் சேனல்களில் கூவிக்கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். வேரிலிருந்து எடுத்த சாறு, மாத்திரை வடிவில். கொரியப் பாரம்பரிய மூலிகை என்று டப்பாவில் அழகான படம் வேறு. இரண்டு டப்பா வாங்கினேன். ஒன்றைப் பிரித்து ஒரு அட்டையை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டு, மீதியை லீவுக்குச் சென்னை போன தோழியிடம் கொடுத்தனுப்பினேன்.

இதில் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. எங்கள் லேபின் வேலையே, மருந்துக் கடையில் விற்கும் காய்ந்த வேரும் பட்டையும் உண்மையில் எந்தச் செடியுடையது என்று கண்டுபிடிப்பதுதான். தினமும் மற்றவர்களின் மருந்தைச் சந்தேகப்படுவது என் தொழில். அக்காவுக்கு வாங்கியதை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. டப்பாவில் பேர் போட்டிருந்ததே, அது போதாதா?

பிப்ரவரியில் அக்கா பேசினாள். "நல்லா தூக்கம் வருதுடி. எரிச்சல்கூட குறைஞ்ச மாதிரி இருக்கு. என் நாத்தனாருக்கும் ஒரு அட்டை கொடுத்தேன்." எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஏப்ரலில் ஒருநாள், பல்கலைக்கழக கேன்டீனில் மதியச் சாப்பாடு. சுவரில் இருந்த டிவியில் செய்தி ஓடியது. பேக்சுவோ என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்தேன். கொரிய நுகர்வோர் முகமை, கடைகளில் விற்ற 32 பேக்சுவோ பொருட்களைச் சோதித்திருக்கிறது. அவற்றில் அசல் பேக்சுவோ மட்டுமே இருந்தவை 3. பெரும்பாலானவற்றில் இயோபுபிசோ என்ற வேறொரு செடியின் வேர் இருந்தது. அது கொரியாவில் உணவுப்பொருளாக அனுமதிக்கப்படாத செடி.

கையில் இருந்த குச்சி நழுவித் தட்டில் விழுந்தது. அக்கா அதை மூன்று மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

உடனே போன் போட்டேன். "அக்கா, அந்த மாத்திரையை நிறுத்திடு. நாத்தனார்கிட்டயும் சொல்லிடு."

"ஏன்டி?"

"அது அதுதானான்னு தெரியலை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அக்கா கேட்டாள். "நீ பாத்துதானே அனுப்பினே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் அப்பா கும்பகோணத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். மூட்டை வந்து இறங்கினால், சீட்டில் எழுதியிருப்பதை நம்ப மாட்டார். ஒரு துண்டை எடுத்து ஒடிப்பார். முகர்வார். நுனியைக் கடித்துத் துப்புவார். சித்தரத்தை என்று பேரரத்தையைத் தள்ளிவிடப் பார்த்த வியாபாரியை அப்படித்தான் பிடித்தார். "பேரைப் பாத்துக் கொடுக்காதே, வேரைப் பாத்துக் கொடு" என்பார். கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடி இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அக்காவும்தான்.

அசலும் போலியும் எப்படி இவ்வளவு சுலபமாக இடம் மாறின? பேக்சுவோ, எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. தாவரவியல் பெயர் சைனாங்கம் வில்ஃபோர்டி. இயோபுபிசோ அதன் நெருங்கிய உறவு, சைனாங்கம் ஆரிகுலேட்டம். நம்மூர் வேலிகளில் படரும் வேலிப்பருத்தியைப் பார்த்திருப்பீர்கள். அதைப்போலவே இரண்டுக்கும் இதய வடிவ இலை. இரண்டுக்கும் கிழங்கு போன்ற தடித்த வேர். வெட்டிக் காயவைத்துவிட்டால் அக்கா தங்கைபோல இருக்கும். ஆனால் அசல் விளைய இரண்டு, மூன்று வருடம் ஆகும். மற்றது ஒரே வருடத்தில் பெருத்துவிடும். விவசாயிக்கும் வியாபாரிக்கும் எது லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்குள் இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு. கிழக்காசியாவில் புகழ்பெற்ற ஹாசுவோ என்று ஒரு வேர் இருக்கிறது. அதைத் தின்ற ஒருவரின் நரைத்த தலை கறுத்தது என்ற கதையிலிருந்து வந்த பெயர். கொரியாவில் பேக்சுவோவையும் 'வெள்ளை ஹாசுவோ' என்று அழைத்தார்கள். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயரை மட்டும் பங்குபோட்டுக்கொண்டன.

இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை என்பதை லேபில் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். கொரியர்கள் மருத்துவ நூல்களைச் சீனாவிலிருந்து பெற்றார்கள். நூலில் இருந்த மூலிகைப் பெயர் சீனப் பெயர். மலையில் இருந்ததோ கொரியச் செடி. எந்தப் பெயர் எந்தச் செடிக்கு? செஜோங் மன்னர் காலத்தில், 1433-ல், சொந்த மண்ணின் மூலிகைகளை வைத்து வைத்தியம் சொல்லும் பெரிய தொகுப்பு ஒன்று உருவானது. அதன் பிறகு வந்தவர் அரச வைத்தியர் ஹோ ஜுன். கொரிய சீரியல் பார்ப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். அவர் 1610-ல் முடித்து 1613-ல் அச்சான 'தோங்உயி போகாம்' நூலை 2009-ல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நூலில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். மூலிகைகளின் சீனப் பெயரோடு, பலவற்றுக்கு ஊர் ஜனங்கள் வாயில் புழங்கும் பெயரையும் ஹங்குல் எழுத்தில் எழுதிவைத்தார். படித்தவனும் மலையில் பறிப்பவனும் ஒரே செடியைப் பற்றித்தான் பேச வேண்டும் அல்லவா?

அப்படியும் குழப்பம் தீரவில்லை. சியோலில் ஜெகிதோங் பக்கம் பெரிய மூலிகைச் சந்தை இருக்கிறது. தேகு நகரச் சந்தை 1658 முதல் நடக்கிறது. அங்கெல்லாம் போய் தாங்க்வி என்று கேட்டுப்பாருங்கள். பெண்களுக்கான கஷாயங்களில் தவறாமல் இடம்பெறும் வேர் அது. கொரியாவில் தாங்க்வி என்றால் ஊதாப் பூ பூக்கும் ஆஞ்சலிகா ஜைகாஸ். சீனாவில் அதே எழுத்துக்கு ஆஞ்சலிகா சைனென்சிஸ். ஜப்பானில் ஆஞ்சலிகா அகுடிலோபா. மூன்று நாடு, ஒரே பெயர், மூன்று செடி. உள்ளே இருக்கும் வேதிப்பொருளும் ஒன்றில்லை. கொரிய வேரில் டெகர்சின் அதிகம். மற்ற இரண்டிலும் லிகுஸ்டிலைட். நான் முதன்முறை வாங்கப் போனபோது கடைக்கார அஜும்மா, "நம்ம ஊரு தாங்க்வியா, ஜப்பான் தாங்க்வியா?" என்று கேட்டார். ஜப்பான் வகையின் இலையை இறைச்சி மடித்துச் சாப்பிடக்கூடக் கொடுப்பார்கள். இப்படிக் கேட்கும் அஜும்மா இருக்கும்வரை பயமில்லை. பொடியாக்கி டப்பாவில் அடைத்த பிறகு யார் கேட்பது?

தப்பான வேர் என்ன செய்யும் என்று எங்களுக்கு முதல் செமஸ்டரிலேயே ஒரு கதை சொல்வார்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், எடை குறைக்கும் மருத்துவமனை ஒன்றில் நடந்தது. மாத்திரையில் இருந்திருக்க வேண்டியது ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகை. சீனப் பெயர் ஃபாங்ஜி. அதே ஃபாங்ஜி என்ற சொல் இன்னொரு செடியின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அது அரிஸ்டோலோகியா. பெயர் ஒத்துப்போனதால் வேர் மாறியது. 100-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பெரும்பாலும் பெண்கள். சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. கொரியாவில் அதே பெயரை பாங்கி என்பார்கள். ஆனால் அங்கே அது சினோமீனியம் என்ற மூன்றாவது செடி! நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் அந்த அரிஸ்டோலோகியா வகையறாதான். அதிலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அந்த அமிலம் உண்டு.

இந்தக் கதையைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். கேன்டீனிலிருந்து லேபுக்கு நடந்தபோது அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

என்னிடம் மிச்சமிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு பேராசிரியர் முன்னால் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சோதித்துப் பார், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதே" என்றார்.

எங்கள் வேலையில் நான்கு படி உண்டு. முதல் படி, கண், மூக்கு, நாக்கு. அப்பா செய்த அதே வேலை. என் மாத்திரை பழுப்பாக இருந்தது. லேசான கசப்பு. அவ்வளவுதான்.

இரண்டாவது, மைக்ராஸ்கோப். வேரை அரைத்த பொடியாக இருந்தால்கூட இதில் நிறைய தெரியும். உதாரணமாக ஜின்செங் வேரில் ரோஜாப்பூ மாதிரி கொத்தான படிகங்களும், பிசின் ஓடும் குழாய்களும் தெரியும். மாவுத் துகளின் உருவத்தை வைத்தே பல வேர்களைப் பிரித்துவிடலாம். ஆனால் என்னிடம் இருந்தது சாறு எடுத்து உலர்த்தியது. அதில் செல்லும் இல்லை, படிகமும் இல்லை. மாத்திரை பிடிக்கச் சேர்த்த மாவுதான் தெரிந்தது.

மூன்றாவது, வேதிப்பொருட்களின் அடையாளம். நெருங்கிய உறவுச் செடிகளில் பல பொருட்கள் பொதுவாக இருக்கும். அந்த மாத்திரையில் வேறு பல மூலிகைச் சாறுகளும் கலந்திருந்ததால், எந்தக் கோடு எந்தச் செடியுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கடைசியாக டி.என்.ஏ. காய்ந்த வேரில்கூட டி.என்.ஏ. தங்கியிருக்கும். அதில் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் மிஷினில் கோடிக்கணக்கான நகலாகப் பெருக்கி, அசல் செடியின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கடையில் பொருளின் பார்கோடைப் படிப்பது மாதிரி. ஆனால் வேரைக் கொதிக்கவைத்து, சாறெடுத்து, உலர்த்தினால் டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைந்துவிடும். மூன்று முறை செய்தேன். கூடவே வைத்த அசல் பேக்சுவோ வேரில் கோடு பளிச்சென்று வந்தது. இயோபுபிசோ வேரிலும் வந்தது. அக்காவின் மாத்திரை இருந்த இடம் மூன்று முறையும் காலியாக இருந்தது.

"அப்படியென்றால் இயோபுபிசோ இல்லை என்று அர்த்தமா?" ஆசையோடு கேட்டேன்.

பேராசிரியர் தலையை ஆட்டினார். "தெரியவில்லை என்று அர்த்தம். இல்லை என்பது வேறு, தெரியவில்லை என்பது வேறு."

மே மாதக் கடைசியில் அரசின் உணவு, மருந்துப் பாதுகாப்பு அமைச்சகமும் தன் சோதனை முடிவை வெளியிட்டது. 207 பொருட்களில் 40-ல் இயோபுபிசோ இருந்தது. இல்லை என்று சொல்ல முடிந்தவை 10. மீதி 157 பொருட்களில் உறுதிப்படுத்த முடியவில்லை. என் அட்டை மாதிரியே. ஒரு நாட்டின் அரசாங்கமே நினைத்தாலும், செடி மாத்திரையாகிவிட்ட பிறகு திரும்பிப் போய்க் கேட்க முடியாது.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்காமல் சொன்னேன். "நான் சோதிச்சுப் பாத்தேன்க்கா. என்னன்னு கண்டுபிடிக்க முடியலை. நீயும் நாத்தனாரும் கல்லீரல், சிறுநீரகம் ரெண்டுக்கும் ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. டாக்டர்கிட்ட என்ன சாப்பிட்டேன்னு மறைக்காம சொல்லு."

ரிசல்ட் வரும்வரை நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பேருக்கும் எல்லாம் நார்மல். போனிலேயே அழுதுவிட்டேன்.

அக்கா அழவில்லை. யோசித்து யோசித்து ஒரு கேள்வி கேட்டாள். "அப்போ எனக்குத் தூக்கம் வந்துச்சே, அது என்னடி?"

"அந்த வேராகவும் இருக்கலாம். தங்கச்சி அனுப்பினான்னு ஒரு நம்பிக்கையாகவும் இருக்கலாம். தானா சரியாகியும் இருக்கலாம். எதுன்னு என்னால சொல்ல முடியாதுக்கா."

"ரெண்டாவதுதான்னு வெச்சுக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று புரிந்தது. எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

அந்த ஆகஸ்டில் பேராசிரியர் எங்களை ஒரு மூலிகைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு கொடிகளையும் பக்கத்துப் பக்கத்துப் பந்தலில் ஏற்றியிருந்தார்கள். உயிரோடு நின்றபோது குழப்பமே இல்லை. ஒன்றின் பூ மஞ்சள் கலந்த பச்சை. மற்றதன் பூ வெள்ளை. இயோபுபிசோ என்ற பெயரின் முதல் பாதிக்கே காது இலை என்றுதான் பொருள். சந்தையில், பொடியில், மாத்திரையில் நான் தேடிக் கிடைக்காத வித்தியாசம், அங்கே வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் லேபில் எந்த வேர் வந்தாலும், இலையும் பூவும் சேர்த்து அழுத்திக் காயவைத்த மாதிரித் தாள் ஒன்று கூடவே வேண்டும். எங்கே, எப்போது, யார் பறித்தது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். முதலில் இது வெறும் சம்பிரதாயமாகத் தெரிந்தது. அன்று இரண்டு கொடிகளிலிருந்தும் ஒவ்வொரு கிளையைப் பறித்து, செய்தித்தாளுக்கு நடுவே நானே வைத்து அழுத்தினேன். தேதி எழுதும்போது அப்பாவின் கடை ஞாபகம் வந்தது. அவர் கடித்துத் துப்பியதும் இதைத்தான் தேடி.

நான் மூலிகை மருந்தை வேண்டாம் என்று சொல்பவள் இல்லை. அதில்தான் சோறு தின்கிறேன். வெளியூரிலிருந்து, ஆன்லைனிலிருந்து யாராவது டப்பா அனுப்பினால் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். பேர் என்ன என்பது முதல் கேள்வி. அது எந்தச் செடி, எந்தப் பாகம், யார் பார்த்து உறுதி செய்தது என்பது இரண்டாவது. இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால், அன்பாகக் கொடுத்தவர் மனம் நோகாமல் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். சாப்பிடுவதாக இருந்தால் உங்கள் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

அக்காவுக்கு இப்போது அந்த எரிச்சல் எல்லாம் போய்விட்டது. தலைமுடிதான் கவலை. போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். பழைய 'தினசரி'த் தாள் மேல் ஒரு செடி. வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, இலையை விரித்து, பூவைத் தனியாக எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

கீழே வாய்ஸ் மெசேஜ். "வாசல்ல வந்த அம்மா கரிசலாங்கண்ணின்னு கொடுத்துட்டுப் போச்சு. வெள்ளைப் பூ. மஞ்சள் பூவுக்கும் அதே பேருதானே சொல்றாங்க? எண்ணெய் காய்ச்சணும். இந்தத் தடவையாவது பாத்துச் சொல்லுடி."

பெரிதாக்கிப் பார்த்தேன். இலை, தண்டு, பூ, வேர். ஒவ்வொன்றாக, இரண்டு தடவை. அதன் பிறகுதான் பதில் அனுப்பினேன்.